டர்போவுக்கு மின் மோட்டார்: வீண் சிக்கலா? முன்னேற்றமே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கார் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி டர்போ. அதோடு மின் மோட்டாரைச் சேர்த்தது முன்னேற்றமா, வீண் சிக்கலா என்பது தலைப்பு. முன்னேற்றமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணி நண்பர் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னார். மோட்டார் இல்லாமலே எஞ்சின்கள் வேண்டிய திறனைத் தருகின்றன என்றார். பேட்டரி மின்சாரமும் கடைசியில் பெட்ரோலிலிருந்துதான் வருகிறது, அப்புறம் லாபம் எங்கே என்றும் கேட்டார்.

முதலாவதை ஒத்துக்கொள்கிறேன். மெர்சிடிஸ் ஏஎம்ஜியின் 2 லிட்டர் எஞ்சின், ஏ45 எஸ் காரில் சாதாரண டர்போவோடு 421 குதிரைத்திறன் தருகிறது. அதே குடும்பத்து எஞ்சின் 2022-இல் மின்சார டர்போவோடு எஸ்எல் 43 காரில் வந்தபோது 381 தான். அப்படியானால் மோட்டார் எதற்கு? அந்தத் திறன் எப்போது கைக்கு வருகிறது என்பதற்காக!

டர்போவைச் சுற்றுவது எஞ்சின் கக்கும் கழிவு வாயு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அந்த வாயுவுக்கு வலு கிடையாது. லாரியை ஓவர்டேக் செய்ய ஆக்சிலரேட்டரை மிதிக்கிறீர்கள். ஒரு கணம் ஒன்றுமே நடக்காது, அப்புறம் திடீரென்று கார் பாயும். எதிரே வண்டி வரும்போது அந்த ஒரு கணம் சின்ன விஷயமா, நடுவர் அவர்களே? சிறிய டர்போ வைத்தால் சட்டென்று சுழலும், ஆனால் அதிவேகத்தில் மூச்சு வாங்கும். பெரியது வைத்தால் மேலே வலு உண்டு, கீழே தூங்கும்.

ஏஎம்ஜி என்ன செய்தது? டர்போவில் கழிவு வாயு சுழற்றும் டர்பைன் சக்கரத்துக்கும், காற்றை அழுத்தும் கம்ப்ரசர் சக்கரத்துக்கும் நடுவே, அதே தண்டில், சுமார் 4 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஒரு மோட்டாரைப் பொருத்தியது. கழிவு வாயுவுக்காகக் காத்திராமல் மோட்டாரே சக்கரத்தைச் சுற்றிவிடும். நிமிடத்துக்கு 1,70,000 சுற்றுகள் வரை! ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் சுழற்சி விழாமல் பிடித்து வைக்கும்.

இதற்கு முன்பே, 2016-இல், ஆடி (Audi) நிறுவனத்தின் எஸ்க்யூ7 டீசல் காரில் இரண்டு டர்போக்களோடு தனியாக ஒரு மின்சார கம்ப்ரசர் வந்தது. கால் நொடிக்குள் நிமிடத்துக்கு 70,000 சுற்றுகள் என்ற வேகத்தை எட்டும். 900 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை எஞ்சின் நிமிடத்துக்கு 1,000 சுற்றுகள் என்று மெதுவாக ஓடும்போதே கிடைத்தது.

சரி, மின்சாரக் கணக்குக்கு வருவோம். ஆடியின் கம்ப்ரசர் எடுப்பது 7 கிலோவாட். கால் நொடிக்கு அது 1,750 ஜூல். நம் வீட்டு 750 வாட் மிக்சியை மூன்று நொடி ஓட்டக்கூட அது காணாது! இதற்கா இவ்வளவு கவலை? போர்ஷே இன்னும் ஒரு படி மேலே போனது. 2024-இல் வந்த 911 கரேரா ஜிடிஎஸ் காரில், மிஞ்சும் கழிவு வாயுவை வெளியே திறந்துவிடும் வேஸ்ட்கேட்டே கிடையாது. அந்த வலுவில் டர்போவின் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி 11 கிலோவாட் வரை மின்சாரம் தருகிறது. வாங்கிய கடனை வட்டியோடு திருப்புகிறது.

விலை கூடுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் இதே ஜிடிஎஸ்ஸில் முன்பு இரண்டு டர்போக்கள் இருந்தன. இப்போது ஒன்றே போதும். பெரிய டர்போவின் வலுவும் சிறிய டர்போவின் சுறுசுறுப்பும் ஒரே டர்போவில் கிடைக்க வேறு என்ன வழி வைத்திருக்கிறார்கள்? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.