பிரதிவாதி என்றால் குற்றவாளி இல்லை மக்களே!

வணக்கம் மக்களே. படம் கொஞ்சம் ஆடும், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வாரம் சக்கை, அதாவது பலாப்பழம், வெட்டும் வீடியோவில் ஸ்டாண்டை நானே மிதித்து உடைத்ததைப் பார்த்தீர்கள்தானே, இன்று அரிசிப் பானை மேல்தான் போன் நிற்கிறது. சமையலும் கிடையாது. செம கடுப்பில் இருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அமீனா, அதாவது கோர்ட் ஊழியர், வந்து சம்மன் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டத்துக்குப் போகிற வண்டிப்பாதை, நான் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடுவேனே, அதேதான், அதை வைத்து இரண்டு வீட்டுக்காரர்களுக்குள் தாவா. பாதை எங்கள் எல்லையையும் தொடுவதால் என்னை மூன்றாம் பிரதிவாதியாகச் சேர்த்துவிட்டார்கள். அம்மை அதைப் படித்துவிட்டு, "பிரதிவாதியா? தீவிரவாதி மாதிரில்லா இருக்கு பிள்ளே" என்று ஒரே அழுகை. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்க நான் கேசில் மாட்டிய கதை பரவிவிட்டது.

வழக்குப் போட்டவர் வாதி, அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் பிரதிவாதி, அவ்வளவுதான். இது சிவில் வழக்கு, குற்றம் என்ற பேச்சே இதில் இல்லை. கிரிமினல் வழக்கிலேயே தீர்ப்பு வரும்வரை ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவர்தான், குற்றவாளி இல்லை. அதேபோல ஜாமீனில் வந்தவரைப் பார்த்து "கேஸ் முடிஞ்சாச்சு" என்பார்கள் பாருங்கள், எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. கேஸ் அப்படியேதான் இருக்கும், ஆள்தான் வெளியே இருப்பார்.

வழக்கு எண்ணுக்கு முன்னால் 'அசல் வழக்கு' என்று போட்டிருந்தது. அப்படியென்றால் போலி வழக்கு என்று ஒன்று உண்டா என்று வக்கீலிடம் கேட்டுவிட்டேன், மனுஷர் சாயா குடித்துக்கொண்டிருந்தார், புரை ஏறிவிட்டது. முதல்முதலாகத் தொடுக்கிற சிவில் வழக்குதான் அசல் வழக்கு. அதன் தீர்ப்பை எதிர்த்துப் போனால் மேல்முறையீடு.

அப்புறம் அந்த வார்த்தை. உறுத்துக்கட்டளை. கண்ணில் தூசி விழுந்த மாதிரி இல்லை? ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பாதையை மறிக்காதே என்று கோர்ட் ஓர் ஆளைக் கட்டுப்படுத்தினால் அது உறுத்துக்கட்டளை, இன்ஜங்ஷன். நடக்கிற ஒரு நடவடிக்கையையோ ஓர் உத்தரவையோ நிறுத்தி வைத்தால் அது ஸ்டே. நாம் இரண்டையும் 'ஸ்டே வாங்கியாச்சு' என்று ஒரே வாயில் போட்டு மெல்லுகிறோம்.

ஜெராக்ஸ் கடைக்கு வருகிறேன். நாற்பத்தோரு பக்கம், ஒரு பக்கத்துக்கு மூன்று ரூபாய்! எங்கள் ஜங்ஷனில் இரண்டுதான். கேட்டால், "கோர்ட் பேப்பர் அக்கா, நீளம் ஜாஸ்தி" என்கிறான். 123 ரூபாய் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து எண்ணினால் பதினேழாம் பக்கம் இரண்டு தடவை இருக்கிறது, பதினெட்டு இல்லை. மறுபடி பஸ் ஏறிப் போய், சண்டை போட்டு, அந்த ஒரு பக்கத்தைச் சும்மா வாங்கிக்கொண்டுதான் திரும்பினேன். பஸ் செலவை அம்மை கணக்குப் பார்த்தாள். அதை விடுங்கள்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேனே. சம்மன் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிர்வழக்குரை, அதாவது நம் பதிலை எழுத்தில், கொடுக்க வேண்டும், கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை போகலாம். எனக்கென்ன என்று போகாமல் இருந்தால் எக்ஸ்பார்ட்டி, அதாவது நாம் இல்லாமலே ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும். அதை ரத்து செய்யவும் மனுப் போடலாம், அதற்கும் 30 நாள் கெடு உண்டு. அதனால்தான் மறுநாளே வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன், எனக்காக ஆஜராக வக்கீலுக்குக் கொடுக்கிற அதிகாரம் அது. வக்காலத்து, ஜாமீன், ஜப்தி, அமீனா எல்லாமே அரபியிலிருந்து வந்த வார்த்தைகளாம். நம்ம ஊர்ப் பாட்டிகள் வாயில் எவ்வளவு சரளமாக வருகிறது பாருங்கள்.

போன வீடியோவில் சிட்டு பிடித்து ஏமாற்றினவனை நான் '420' என்று திட்டியதற்கு ஒரு தம்பி திருத்தம் போட்டிருந்தான், சரிதான். 420 என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் மோசடிக்கான பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 318(4). ஆனால் "அவன் ஒரு முந்நூற்றுப் பதினெட்டு, அடைப்புக்குறிக்குள் நாலு" என்று திட்டினால் யாருக்காவது ரோஷம் வருமா? நான் 420-லேயே இருக்கிறேன்.

கோர்ட்டுக்குள் படம் எடுக்கக் கூடாது என்பதால் வாசலுக்கு வெளியே ரசவடை தின்றதை மட்டும் எடுத்திருக்கிறேன், கடைசியில் போடுகிறேன். அடுத்த வாய்தா 14-ஆம் தேதி. ஸ்டாண்ட் வாங்கினால்தான் அதற்குள் அடுத்த வீடியோ, பானையில் அரிசி எடுக்கணும் என்று அம்மை நிற்கிறாள்.