அந்த அட்டை எங்கே இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். கல்லூரி மாணவர்களைப் பார்க்கும் மருத்துவ நிலையத்தில் பல ஆண்டுகளாக மருத்துவராக இருக்கிறேன். சேர்க்கை சமயத்தில் என் முன்னால் வந்து உட்காரும் ஒவ்வொருவரிடமும் நான் முதலில் கேட்பது, "தடுப்பூசி அட்டை எங்கே?" என்றுதான். உடனே கைபேசியை எடுத்து வீட்டுக்குப் பேசுவார்கள். "அம்மா, சின்ன வயசுல ஊசி போட்டதெல்லாம் எழுதி வச்சிருந்தீங்களே, அது எங்கே?" மறுமுனையில் அலமாரி திறக்கும் சத்தம் எனக்கே கேட்கும். பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது.

பதினெட்டு வயதில் குழந்தை மருத்துவரிடம் போவது நின்றுபோயிருக்கும். பெரியவர்களுக்கான மருத்துவரிடம் போக இன்னும் அவசியம் வந்திருக்காது. இந்த இடைவெளியில்தான் அட்டை தொலைகிறது. அது வெறும் காகிதம் என்று நினைக்காதீர்கள். பச்சைக் குழந்தையாக இருந்தபோது நம் உடம்புக்குள் என்னென்ன போயிற்று என்று நமக்கு நினைவிருக்க வழியில்லை. அட்டைக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு அட்டையை என்னால் மறக்க முடியாது. செவிலியர் படிப்பில் சேர்ந்திருந்த ஒரு பெண் கொண்டு வந்தது. நான்காக மடித்து மடித்து, மடிப்பில் கிழிந்திருந்தது. கிழிசல் சரியாகத் தட்டம்மை இரண்டாம் தவணை எழுதும் வரியில். ஊதா மையில் பாதி முத்திரை தெரிந்தது, தேதி இல்லை. முதல் தவணையும் ஒன்பதாம் மாதத்தில் போட்டது. ஒரு வயது நிறைவதற்கு முன் போட்ட தட்டம்மை ஊசியைப் பல கல்லூரிகள் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் அந்த வயதில் குழந்தையின் ரத்தத்தில் மிச்சம் இருக்கும், அது ஊசியை முழுதாக வேலை செய்ய விடாது என்பதுதான் காரணம்.

"பயப்பட ஒன்றுமில்லைம்மா, திரும்பப் போட்டுக்கொள்ளலாம்" என்றேன். அது உண்மைதான். கர்ப்பமாக இருப்பவர்களையும் நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குன்றியவர்களையும் தவிர மற்றவர்களுக்கு ஒரு தவணை கூடுதலாகப் போனால் கெடுதல் இல்லை. அன்றே தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றையும் தடுக்கும் எம்.எம்.ஆர். ஊசி போட்டு அனுப்பினோம். பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். மருத்துவமனைப் பயிற்சிக்குப் போவதற்கு முன் காசநோய்ச் சோதனை வேண்டுமாம்.

இங்கேதான் சிக்கல். எம்.எம்.ஆரில் இருப்பது உயிருள்ள, ஆனால் வலுவிழந்த கிருமி. அது உள்ளே போன சில வாரங்களுக்குக் காசநோய்ச் சோதனையில் உடம்பு காட்டும் எதிர்வினை மங்கிவிடலாம். நோய்த்தொற்று இருந்தும் இல்லை என்று காட்டலாம். அதனால் இரண்டையும் ஒரே நாளில் செய்துவிட வேண்டும். தவறினால், ஊசிக்குப் பிறகு குறைந்தது நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். அந்தப் பெண் காத்திருந்தார். கூடப் படித்தவர்கள் வார்டுக்குப் போன நாட்களில் அவர் நூலகத்தில் உட்கார்ந்திருந்தார். முதல் நாளே, "அடுத்து ஏதாவது சோதனை இருக்கிறதா?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அன்று முதல் எல்லாரிடமும் கேட்கிறேன்.

காசநோய்த் தோல் சோதனையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். முன்கையின் உட்புறத்தில் தோலுக்குள் மிகச் சிறிய அளவு மருந்து ஏற்றுவோம். 48 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் திரும்ப வந்து காட்ட வேண்டும். வியாழக்கிழமை போட்டால் பார்க்க வேண்டிய நாள் சனி, ஞாயிறில் விழும். நிலையம் பூட்டியிருந்தால் திரும்ப முதலிலிருந்துதான். சிவந்திருப்பதை அளப்பதில்லை, தடிப்பைத்தான் அளப்போம். பேனாவைத் தோலின்மேல் மெதுவாக நகர்த்தி, முனை தட்டி நிற்கும் இடத்தில் கோடு போட்டு, இரண்டு பக்கக் கோடுகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று பார்ப்போம். பிறந்ததும் பி.சி.ஜி. என்கிற காசநோய்த் தடுப்பூசி போட்டவர்களுக்குத் தொற்று இல்லாமலே தடிக்கலாம். அவர்களுக்கு ரத்தச் சோதனை நல்லது, பி.சி.ஜி. அதைக் குழப்பாது. ஆனால் பி.சி.ஜி. போட்டதா இல்லையா என்று எதைப் பார்த்துச் சொல்வது? மறுபடி அட்டைதான்.

எதற்கு இத்தனை கெடுபிடி என்று மாணவர்கள் கேட்பது நியாயம்தான். விடுதியை நினைத்துப் பாருங்கள். ஒரே அறையில் நான்கு கட்டில், ஒரே தண்ணீர் பாட்டில் கைமாறும், ஒருவருக்கு இருமல் வந்தால் வாரக் கடைசிக்குள் மாடி முழுக்க இருமும். தட்டம்மை வந்தவர் ஓர் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி அங்கே காற்றில் இருக்கும். மூளை உறைக் காய்ச்சலை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ், ஏறக்குறைய பத்தில் ஒருவரின் தொண்டையில் எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. முதலாண்டு விடுதி மாணவர்களுக்கு அது ஆபத்தாக மாறும் வாய்ப்பு கூடுதல். சரியான மருந்து கொடுத்தும் நூற்றில் 10 முதல் 15 பேர் இறந்துபோகும் நோய் அது. கடும் காய்ச்சல், தலைவலி, கழுத்தை வளைக்க முடியாமை, கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் மறையாத செம்புள்ளிகள் என்று அறைத்தோழருக்கு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த இரவே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மறுபடி சொல்கிறேன், அந்த இரவே.

அட்டையில் எம்.எம்.ஆர். என்று இருக்கிறதே, அதில் இரண்டாவது எம் பொன்னுக்கு வீங்கியைக் குறிப்பது. அதற்குப் பின்னால் ஒரு தகப்பனும் மகளும் இருக்கிறார்கள். 1963 மார்ச்சில் ஒரு நள்ளிரவு, மாரிஸ் ஹில்லமன் என்ற தடுப்பூசி ஆய்வாளரின் ஐந்து வயது மகள் ஜெரில் லின், தொண்டை வலிக்கிறது என்று அப்பாவை எழுப்பினாள். தாடை வீங்கியிருந்தது. அவளைப் படுக்க வைத்துவிட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் பஞ்சுக் குச்சி எடுத்து வந்தார். அவள் தொண்டையில் தடவி எடுத்து, கொண்டுபோய் உறைய வைத்தார். அதிலிருந்து உருவான தடுப்பூசிக்கு 1967-ல் அனுமதி கிடைத்தது. அந்தக் கிருமி வகைக்கு ஜெரில் லின் என்றே பெயர், இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. மாணவர்களுக்கு ஊசி போடும்போது இதைச் சொல்வேன். கேட்டுக்கொண்டே இருக்கையில் ஊசி ஏறி இறங்கியிருக்கும்.

நேரமாகிவிட்டது என்று எதிரே சைகை காட்டுகிறார்கள். சரி, மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி-க்கான ஊசியைப் பாதியில் விட்டிருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், திரும்ப முதலிலிருந்து வேண்டாம். மருத்துவம், செவிலியம் படிப்பவர்கள் கடைசித் தவணைக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து எதிர்ப்புப் பொருள் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், மில்லிலிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகுக்குக் குறையக் கூடாது. எச்.பி.வி. ஊசி கருப்பைவாய்ப் புற்றையும் தொண்டைப் புற்றில் சிலவற்றையும் தடுப்பது, ஆண் பிள்ளைகளுக்கும் உண்டு. எச்.ஐ.வி. சோதனை ஒரு தடவையாவது எல்லாரும் செய்துகொள்ளலாம், வெட்கப்பட எதுவும் இல்லை. எப்போதும் அசதி என்கிற பெண்கள் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பாருங்கள், டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை.

அப்புறம், அட்டை கிடைத்ததும் இரண்டு பக்கமும் படம் எடுத்து உங்கள் கைபேசியிலும் வீட்டார் கைபேசியிலும் வையுங்கள். லேமினேட் செய்துவிடாதீர்கள், அடுத்த ஊசியை அதில் எழுத முடியாமல் போகும். வெறும் வயிற்றோடு வராதீர்கள், போட்டபின் பதினைந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள். ஊசியைக் கண்டாலே மயக்கம் வரும் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், படுக்க வைத்தே போடுவோம். நன்றி, வணக்கம்.