காயில் கடையில் ஒரு கோடை

நேயர்களுக்கு வணக்கம்.

அரசு மேல்நிலைப் பள்ளியில் 30 ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவன் நான். ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள் பிள்ளைகள் வீடு தேடி வந்துவிடுவார்கள். எந்த கோர்ஸ், கட்-ஆஃப் போதுமா என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது சுலபம். ஒரு வருஷம் ஒரு பையன், எல்லாரும் போகும்வரை திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தான். "என்னப்பா?" என்றேன். "எனக்கு என்ன வேணும்னே தெரியல சார். கேக்குறவங்களுக்கெல்லாம் ஒவ்வொரு பதில் சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றான்.

"நல்லா யோசிச்சு ஒரு வாரம் கழிச்சு வா" என்று அனுப்பினேன். அது தவறான யோசனை. ஒரு வாரம் கழித்து இன்னும் வாடிப்போய் வந்தான். பதினேழு வயதில் அவன் பார்த்திருந்ததெல்லாம் வீடு, வகுப்பு, டியூஷன். வாயில் வைத்தே பார்க்காத பண்டம் பிடிக்குமா பிடிக்காதா என்று எப்படிச் சொல்வான்?

அவனுடைய மாமா பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கைக்காசு வருமே என்று அங்கே போனான். முதல் இரண்டு வாரம் கருகின செம்புக் கம்பியை வெட்டி உருவுவதும் பழைய வார்னிஷைச் சுரண்டுவதும்தான் வேலை. பிடிக்கவில்லை. காயில் சுற்றுவதும் பிடிக்கவில்லை, எண்ணிக்கை தப்பிப்போகும். ஆனால் ஒரு விவசாயி மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கி, "உறுமுது தம்பி, சுத்த மாட்டேங்குது" என்றால் இவன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து வருவானாம். கெப்பாசிட்டரா, பேரிங்கா, காயிலேதானா? கழற்றுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ஒரு வேகம். "பழுது கண்டுபிடிக்கிறது நல்லாருக்கு சார்" என்று ஜூலையில் வந்து சொன்னான். அப்படி ஒரு பாடப்பிரிவு எந்தக் கவுன்சிலிங் புத்தகத்திலும் கிடையாது. யோசித்துக்கொண்டே இருந்திருந்தால் அவனுக்கு அது அகப்பட்டிருக்காது.

அவனைப் பார்க்கும்போது எனக்கு ஓவியர் வின்சென்ட் வான் கோ நினைவுக்கு வருவார். 1869-ல், 16 வயதில், பெரியப்பாவின் தொடர்பால் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஓவியம் விற்கும் நிறுவனத்தில் சேர்ந்தார். 1876-ல் வேலை போயிற்று. இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியர், பிறகு புத்தகக் கடை, பிறகு போதகராக வேண்டும் என்று இறையியல் படிப்பு, அதையும் பாதியில் விட்டு பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் ஊழியம். அந்த வேலையும் நீடிக்கவில்லை. பெற்றவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள்!

1880-ல், 27 வயதில், அந்தச் சுரங்க ஊரில் உட்கார்ந்து வரையத் தொடங்கினார். ஹேக் நகரில் தனக்கு மேலதிகாரியாக இருந்தவரிடமே ஓவியப் பயிற்சித் தாள்களை இரவல் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வரைந்தார். உருப்படாமல் போனதாக எல்லாரும் நினைத்த முதல் வேலைதான் அங்கே கைகொடுத்தது. 1890-ல் இறப்பதற்குள் 800-க்கும் மேற்பட்ட எண்ணெய் வண்ண ஓவியங்கள். அவர் பட்ட துன்பம் யாருக்கும் வர வேண்டாம். அந்தப் பயிற்சித் தாள்களை மட்டும் நினைவில் வையுங்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, கல்லூரி விண்ணப்பத்தைக் கெடு தேதிக்குள் போட்டு வையுங்கள். அது இருக்கட்டும். கைக்கு எட்டுகிற ஒரு வேலையில் ஒரு மாதம் போய் நில்லுங்கள். அச்சகமோ, பால் சொசைட்டியோ, பக்கத்துத் தெரு மெடிக்கலோ, எதுவானாலும் சரி. ராத்திரி இரண்டே வரி எழுதுங்கள்: இன்று எந்த வேலையில் நேரம் போனதே தெரியவில்லை, எதில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடன் வாங்கி ஃபீஸ் கட்ட வேண்டிய இடத்தில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

பெற்றோர்களிடமும் ஒரு வேண்டுகோள். "என்ன ஆகப்போற?" என்று கேட்பதைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, "இன்னைக்கு என்ன செஞ்ச?" என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பையன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தான், இரண்டு வருஷம். இப்போது லிப்ட் பராமரிப்பு வேலையில் இருக்கிறான். போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தபோது, எங்கள் மிக்சி உறுமுகிறது, சுற்றவில்லை என்றேன். ஸ்குரூடிரைவரை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. குனிந்து மிக்சியில் காதை வைத்தான்.

நன்றி. வணக்கம்.