காட்பாடி பிளாட்பாரமும் கர்னலின் தூக்கமும்

எல்லோருக்கும் வணக்கம். வேலூர் வெயிலில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தூக்கத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முன்வரிசையில் இரண்டு பேர் செய்முறை விளக்கமே தொடங்கிவிட்டார்கள்.

காட்பாடி ஜங்ஷனில் ராத்திரி வண்டிக்குக் காத்திருந்திருப்பீர்கள். ஒருவர் நிமிஷத்துக்கு ஒருமுறை தண்டவாளத்தை எட்டிப் பார்ப்பார். இன்னொருவர் துண்டை விரித்து, "சென்னை வண்டி வந்தா எழுப்பி விடுங்கண்ணே" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுப் படுப்பார். கர்னலுக்கு, அதாவது கம்ப்யூட்டரில் எல்லா புரோகிராம்களையும் மேய்க்கும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதிக்கு, இரண்டாமவரைத்தான் பிடிக்கும். டிஸ்க்கிலிருந்து தகவல் வர வேண்டிய பிராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம், "வந்துவிட்டதா" என்று கேட்டுக் கேட்டே சிபியுவைத் தின்றால் மற்றவர்களுக்கு என்ன மிஞ்சும்? அதைக் காத்திருப்போர் வரிசையில் போட்டுவிட்டு, சிபியுவை அடுத்த பிராசஸுக்குக் கொடுத்துவிடும். டிஸ்க் வேலை முடிந்ததும் 'முடிந்தது' என்று இன்டரப்ட் என்ற தட்டல் வரும், அப்போது எழுப்பும். வண்டி அவுட்டரில் நிற்கிறது என்றால் துண்டை விரிக்க மாட்டோம் இல்லையா, அந்த மாதிரி நொடிநேரக் காத்திருப்புக்குத்தான், தூங்காமல் எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்கும் ஸ்பின்லாக்.

இனிமேல்தான் சிக்கல். நம் ஆள் எட்டிப் பார்க்கிறார், வண்டி இல்லை. சரி, படுக்கலாம் என்று துண்டை உதறுகிறார். யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து வண்டி வருகிறது. சொல்லி வைத்தவர்களை எல்லாம் எழுப்புகிறார்கள். இவர் அதன்பிறகு நிதானமாகப் படுக்கிறார். வண்டி அரக்கோணம் தாண்டிய பிறகும் தூங்கிக்கொண்டிருப்பார். கர்னல் எழுதுபவர்கள் இதை 'லாஸ்ட் வேக்கப்' என்பார்கள்.

லினக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் இதற்கு மருந்து, வரிசையை மாற்றுவதுதான். முதலில் காத்திருப்போர் வரிசையில் பெயரை எழுது. 'தூங்குகிறேன்' என்று நிலையை மாற்று. அதற்கப்புறம் எட்டிப் பார். வண்டி இல்லையென்றால் மட்டும், சிபியுவை விட்டுக்கொடுக்கும் 'ஷெட்யூல்' ஃபங்ஷனைக் கூப்பிடு. இடையில் யாராவது எழுப்பினால் நிலை 'ஓடத் தயார்' என்று திரும்பிவிடும், ஷெட்யூலுக்குள் போனாலும் தூக்கம் பிடிக்காது.

எழுந்த பிறகும் மறுபடி பார்க்க வேண்டும். லினக்ஸுக்கு முன்னோடியான பழைய யூனிக்ஸில் ஒரே காரணத்துக்காகத் தூங்கும் எல்லோரையும் எழுப்பிவிடுவார்கள். அன்ரிசர்வ்டு பெட்டியில் ஒரு சீட்டுக்கு ஐம்பது பேர் ஓடுவது மாதிரி. ஒருவரை மட்டும் எழுப்பும் வசதியும் லினக்ஸில் உண்டு.

2006-இல் ராணிப்பேட்டையில் ஓர் அலுவலகம். லோடு ஆவரேஜ், அதாவது எத்தனை பிராசஸ் வேலைக்கு நிற்கின்றன என்ற சராசரி, 40-ஐத் தாண்டிவிட்டது, சிபியுவோ சும்மா இருக்கிறது. பிராசஸ்களைப் பட்டியலிடும் 'பிஎஸ்' அடித்துப் பார்த்தால் வரிசையாக 'டி', அதாவது பிராசஸுக்கு அனுப்பும் தகவலான சிக்னலுக்கும் அசையாத தூக்கம். லினக்ஸ் அதையும் லோடில் சேர்த்து எண்ணும். பிராசஸைக் கொல்லும் சிக்னலான 'கில் -9' அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. எழுந்தால்தானே சாவதற்கு! எல்லாம் நெட்வொர்க்கில் இருந்த ஃபைல் சர்வரின் பதிலுக்குக் காத்திருந்தன. ஒரு மணி நேரம் தேடி, மேசைக்கடியில் கேபிள் கழன்று கிடந்ததைக் கண்டுபிடித்துச் செருகினேன். அத்தனையும் எழுந்து, ஒன்றுமே நடக்காதது போல விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தன.

2008-இல் வந்த 2.6.25 கர்னலில், கொல்லும் சிக்னலுக்கு மட்டும் எழும் தூக்கம் ஒன்றைச் சேர்த்தார்கள். அன்றைக்கே அது இருந்திருந்தால், நான் நாற்பதையும் கொன்றுவிட்டு, கேபிளைப் பார்க்காமலே வீட்டுக்குப் போயிருப்பேன்.