மைதானத்தைச் சுற்றி நிற்கிறவர்களுக்கு

(மேலூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஓட்டப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும் பெற்றோரும் கூடியிருந்த மாலையில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அப்பா, அம்மா, மாமா, சித்தப்பா எல்லோரும் வேலி ஓரமாக நிற்கிறீர்கள். நான் இன்றைக்கு முக்கியமாகப் பேச வந்தது வேலி ஓரம் நிற்கிறவர்களிடம். பிள்ளைகளும் கேட்டுக்கொள்ளட்டும்.

1988 செப்டம்பர் 24, சனிக்கிழமை. தென்கொரியாவின் சியோல் நகரில் ஒலிம்பிக் போட்டி, ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டம். கனடாவுக்காக ஓடியவர் பென் ஜான்சன். ஓட்டம் தொடங்கக் காலை ஊன்றுகிற பிளாக்கில் உட்காரும்போது இரண்டு கைகளையும் மற்றவர்களைவிட நன்றாக அகட்டி ஊன்றுவார். துப்பாக்கி வெடித்ததும் மற்றவர்கள் எழுந்து ஓடுவார்கள், அவர் தவளை பாய்கிற மாதிரி பாய்வார். அன்றைக்கும் அப்படித்தான். கடைசி சில எட்டுகளில் இடது பக்கம் திரும்பிப் பார்த்தார், வலது கையைத் தூக்கினார், ஒரு விரலைக் காட்டியபடியே கோட்டைத் தாண்டினார். 9.79 வினாடி. உலக சாதனை. அமெரிக்காவின் கார்ல் லூயிஸ் 9.92-இல் வந்தார். 0.13 வினாடி என்றால் அந்த வேகத்தில் ஒரு மீட்டருக்கும் மேலே இடைவெளி. 100 மீட்டரில் அது எவ்வளவு பெரிய இடைவெளி என்று இங்கே ஓடுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம். பேப்பரில் வந்த அந்தப் படத்தை வெட்டி எடுத்து, சாமான் அறையில் பந்தும் வலையும் வைக்கிற மர பீரோவின் கதவில் மைதா பசை தடவி ஒட்டினேன். ஓட்டக்காரப் பையன்களை அழைத்துக் காட்டினேன். ‘கையைப் பாருங்கடா, தொடையைப் பாருங்கடா’ என்றேன்.

மூன்றே நாள். சிறுநீரில் ஸ்டானோசோலால் என்ற ஊக்கமருந்து இருந்தது என்று செய்தி வந்தது. பதக்கத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள், அவர் விமானம் ஏறி ஊருக்குப் போய்விட்டார். நான் பீரோவில் இருந்த படத்தைக் கிழித்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது. உடம்பு வந்துவிட்டது, தூக்கிய கையும் விரலும் மரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. ஈரத்துணி போட்டும் வரவில்லை. ரொம்ப வருஷம் அது அங்கேயே இருந்தது.

அவர் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். ஜமைக்காவில் ஃபால்மவுத் என்ற ஊரில் 1961-இல் பிறந்தவர். 1976-இல் அம்மாவோடு கனடாவில் டொராண்டோ நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். ஒல்லிப் பையன், பேச்சில் திக்கு உண்டு. அடுத்த வருஷம் சார்லி ஃபிரான்சிஸ் என்ற பயிற்சியாளரிடம் போய்ச் சேர்ந்தான். அவரும் ஒரு காலத்தில் ஒலிம்பிக்கில் ஓடியவர். பையனுக்கு அவர்தான் எல்லாம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 10.22 வினாடியில் வெண்கலம். 1987-இல் ரோம் நகரில் உலகச் சாம்பியன், 9.83. அதற்கடுத்த வருஷம் சியோல்.

அவர் விழுந்த பிறகு கனடா அரசு ஒரு விசாரணைக் கமிஷன் வைத்தது. நீதிபதி டூபின் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விசாரித்தார். அங்கேதான் சார்லி ஃபிரான்சிஸ் வாயைத் திறந்து எல்லாவற்றையும் சொன்னார். மருந்து 1981-இலேயே ஆரம்பித்துவிட்டது என்றார். கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்போது பையனுக்கு 19 வயது. உலகத்துக்குத் தெரிய வருவதற்கு ஏழு வருஷம் முன்னாலேயே அவனைச் சுற்றி நின்றவர்களுக்குத் தெரியும். 1989 ஜூனில் ஜான்சனும் கமிஷன் முன்னால் ஒப்புக்கொண்டார்.

விழுந்தார், விழுந்தார் என்கிறோம். விழுந்தது சியோலில் என்று நான் நினைக்கவில்லை. 1981-இல் டொராண்டோவில், தான் நம்புகிற ஒருவர் ‘இது இல்லாமல் முடியாது’ என்று எடுத்துச் சொன்ன நாளில் விழுந்துவிட்டார். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அந்த விழுகிற வேகம்தான்.

இன்னொன்றும் அந்த விசாரணையில் வெளிவந்தது. அணி டாக்டர் வேறு ஏதோ பேர் சொல்லிக் கொடுத்த வெள்ளை ஊசி மருந்து, கால்நடைகளுக்குப் போடுவதற்காகத் தயாரித்த ஸ்டானோசோலால். மிருகங்களுக்குப் போடுகிற ஊசியை உலகத்திலேயே வேகமாக ஓடுகிற மனிதனுக்குப் போட்டிருக்கிறார்கள். என்ன போட்டுக்கொள்கிறோம் என்று அவருக்கே முழுசாகத் தெரியாது.

இதை நான் மதுரைச் சீமையில் நின்றுகொண்டு சொல்கிறேன். அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் அவனியாபுரத்திலும் ஒரு காளையை வாடிவாசலுக்குக் கொண்டுபோகும் முன்னால் கால்நடை டாக்டர் பார்த்து, சரியென்று சொன்னால்தான் அனுமதி. காளை வளர்க்கிறவர் அதன் தண்ணீரை, தீவனத்தை, பருத்திக்கொட்டையைத் தன் கையால் வைப்பார், அடுத்தவர் ஒரு பிடி புல் போட்டால்கூட ‘என்ன புல்லு?’ என்று கேட்பார். அதே வீட்டில் பிள்ளை ஜிம்முக்குப் போய்விட்டு ஒரு டப்பாவோடு வருகிறான். யாராவது கேட்கிறோமா?

நானே கேட்கவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என்னிடம் ஒரு பையன் இருந்தான். பேர் வேண்டாம், ஊரும் வேண்டாம். ஆடு மேய்க்கிற குடும்பம். நல்ல நீளமான கால், பதினோராம் வகுப்பு. 200 மீட்டரில் ஸோனல் மீட்டில் மூன்றாவது வந்தவன் நாலு மாதத்தில் முதலாவது வந்தான். சாயங்காலம் வேறு ஒரு இடத்துக்குப் பயிற்சிக்குப் போகிறான் என்று தெரியும். ஒரு நாள் பனியன் மாற்றும்போது பார்த்தேன், முதுகு முழுக்கப் பரு. தோளிலிருந்து இடுப்பு வரைக்கும், சிவந்து, சீழ் வைத்து. முகத்தில் பரு வந்தால் வயசுக் கோளாறு. முதுகு முழுக்க, அதுவும் திடீரென்று தசை ஏறிய பையனுக்கு வந்தால் அது என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த வருஷம் பள்ளிக்குக் கோப்பை வரும்போல இருந்தது. ‘வேப்பிலை அரைத்துப் போடுடா’ என்று சொல்லிவிட்டு விசிலை ஊதினேன்.

கோப்பை வந்தது. அடுத்த ஆறு மாதத்தில் அவனுக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். ஈரல் கெட்டுப் போயிருக்கிறது என்றார்கள். பெரியாஸ்பத்திரி வார்டில் அவன் அம்மா என்னைப் பார்த்து, ‘சாரு, நீங்க பாத்துக்குவீங்கன்னுதான் விட்டேன்’ என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பையன் பிழைத்துக்கொண்டான். இன்றைக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறான், கல்யாணமாகிவிட்டது. ஓட்டம் அன்றோடு போனது. அந்தச் சாயங்காலப் பயிற்சியில் அவனுக்கு ஊசி போட்ட ஆள் அப்புறமும் பல வருஷம் பையன்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மருந்து என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது ஆண் ஹார்மோனின் வேலையைச் செய்யத் தயாரித்தது. பயிற்சியில் கிழிகிற தசை சீக்கிரம் கூடுகிறது, அதனால் அடுத்த நாளே இன்னும் கடுமையாக ஓட முடிகிறது. வெளியிலிருந்து வருகிறது என்று தெரிந்ததும் உடம்பு தன்னுடைய சொந்த உற்பத்தியை நிறுத்திக்கொள்கிறது. ஆண் பிள்ளைக்கு விரை சுருங்கும், நாளைக்குக் குழந்தை பிறப்பதில் சிக்கல் வரும். பெண் பிள்ளைக்குக் குரல் தடிக்கும், நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாமல் போகலாம். வளர்கிற வயசில் எலும்பின் நுனி சீக்கிரமே மூடிக்கொண்டு உயரம் நின்றுவிடும். ஈரல், இதயம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம்.

சியோலுக்குத் திரும்புகிறேன். ஜான்சன் ஜெயித்த அன்று கனடாப் பத்திரிகைகளுக்கு அவர் கனடாவின் பிள்ளை. மாட்டிக்கொண்ட பிறகு ஜமைக்காவில் பிறந்தவர் என்பது ஞாபகத்துக்கு வந்துவிட்டது. நம்ம ஊரிலும் இதுதான். ஜெயித்தால் ‘எங்க ஊருப் பிள்ளை’ என்று பிளெக்ஸ் வைக்கிறோம். தோற்றால் எந்தத் தெருவென்றே தெரியாது. இரண்டு வருஷத் தடை முடிந்து திரும்பி வந்தார், 1992 பார்சிலோனாவில் அரையிறுதியோடு நின்றுபோனார், 1993-இல் மறுபடியும் பிடிபட்டார், ஆயுள் தடை. 1998-இல் நிதி திரட்டும் நிகழ்ச்சி ஒன்றில் குதிரையோடும் காரோடும் அவரை ஓட வைத்தார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தது. உலகத்தின் வேகமான மனிதனை அப்படிப் பார்த்தவர்கள் எப்படிக் கைதட்டினார்களோ, எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அந்த இறுதி ஓட்டத்தில் ஓடியவர்கள் எட்டுப் பேர். தங்கம் போய்ச் சேர்ந்த கார்ல் லூயிஸ், அதே 1988-இல் அமெரிக்கத் தேர்வுப் போட்டியின்போது தடை செய்த பொருள் சோதனையில் தெரிந்தும் மன்னித்து அனுப்பப்பட்டவர். அது 2003-இல்தான் வெளியே வந்தது. வெள்ளி வாங்கிய லின்ஃபோர்ட் கிறிஸ்டி 1999-இல் நாண்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்தில் மாட்டினார். இன்னும் சிலர் பேரும் பின்னால் இதே விஷயத்தில் அடிபட்டது.

கால்வின் ஸ்மித் என்று ஒருவர் நாலாவதாக வந்தார். 9.99. ஐந்து வருஷம் முன்னால் 9.93 ஓடி உலக சாதனை வைத்திருந்தவர். அவர் மேல் கடைசி வரைக்கும் ஒரு புகாரும் இல்லை. ஜான்சன் போனதும் வெண்கலம் அவர் கைக்கு வந்தது, அவ்வளவுதான். பிற்காலத்தில் ஃபுளோரிடாவில் சமூக சேவைப் பணி பார்த்தார். இங்கே இருக்கிற பெரியவர்களில் எத்தனை பேருக்கு பென் ஜான்சனைத் தெரியும்? கையைத் தூக்குகிறீர்கள், சரி. கால்வின் ஸ்மித்தை? அவர் படத்தை வெட்டி என் பீரோவில் நானும் ஒட்டவில்லை.

தூர தேசத்துக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். திருச்சி பக்கம் முடிகண்டம் கோமதி மாரிமுத்து 2019 ஏப்ரலில் தோஹாவில், ஆசிய சாம்பியன்ஷிப்பில் 800 மீட்டரில் தங்கம் வாங்கினார். தமிழ்நாடே தூக்கிவைத்துக் கொண்டாடியது. நாண்ட்ரோலோன் இருந்தது என்று பதக்கம் போனது, நாலு வருஷத் தடை வந்தது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்று அந்தப் பெண் சொன்னார். சட்டம் அதைக் கேட்காது. உடம்பில் இருப்பதற்கு ஓடுகிறவர்தான் பொறுப்பு, யார் கொடுத்தார்கள் என்பது அப்புறம். உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் 2023 கணக்கில், நிறையச் சோதனை நடத்துகிற நாடுகளில் பிடிபட்டவர்கள் விகிதத்தில் இந்தியா முதலிடம். நூறு மாதிரிக்குக் கிட்டத்தட்ட நாலு.

ஏன் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை. போலீஸ் செலக்‌ஷனில் 1500 மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் ஓட வேண்டும். ஒரு வீட்டின் கடன் முழுக்க அந்த ஏழு நிமிஷத்தின் மேல் நிற்கும்போது, மைதானத்து ஓரத்தில் ஒருவன் வந்து ‘அண்ணே, ஒரே ஒரு ஊசி’ என்றால் தகப்பனுக்கு என்ன தோன்றும்? அந்தத் தகப்பனை நான் திட்ட மாட்டேன். அவர் தோளில் கைபோட்டு ‘இந்த வருஷம் போனா போகுது, அடுத்த செலக்‌ஷன்ல பாத்துக்கலாம்’ என்று சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும்.

அப்படி ஓர் ஆள் இருந்த வீடும் நம்ம மதுரையில்தான் இருக்கிறது. சக்கிமங்கலம் ரேவதி. சின்ன வயசிலேயே தாய் தகப்பன் இல்லை. கூலி வேலை பார்த்த பாட்டிதான் வளர்த்தார். பொம்பளைப் பிள்ளையை எதற்கு ஓடவிடுகிறாய் என்று கேட்டவர்களையெல்லாம் சமாளித்து அனுப்பினார். வெறுங்காலில் ஓட ஆரம்பித்த பெண் டோக்கியோ ஒலிம்பிக்கில் 4 பெருக்கல் 400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் ஓடினார். அந்தப் பாட்டி அவசரப்படவில்லை, அதுதான் எனக்குப் பெரிசாகத் தெரிகிறது.

இருட்டப் போகிறது, கொசுவும் வந்துவிட்டது. ஒரு வேலை மட்டும் பாக்கி. போன வாரமே எல்லோரிடமும் சொல்லி அனுப்பியிருந்தேன், வீட்டில் இருக்கிற சத்துப் பவுடர் டப்பா, மாத்திரை அட்டை, ஊசிக் குப்பி எது இருந்தாலும் கொண்டு வாருங்கள் என்று. யாரையும் எதுவும் கேட்கமாட்டேன். அந்த மேஜையில் விளக்கு வைத்திருக்கிறோம், என்னோடு படித்த நர்ஸ் அம்மா ஒருவரும் வந்திருக்கிறார். தடை செய்த மருந்தா என்று பார்க்க போனில் நாடா (NADA) என்கிற தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் ‘நோ யுவர் மெடிசின்’ செயலி இருக்கிறது. லேபிளில் உள்ளதை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கலாம். லேபிளே இல்லாதது இருந்தால் அதை முதலில் கொடுங்கள். அப்புறம் தம்பிகளே, கூச்சப்படாமல் வாருங்கள், யாருக்காவது முதுகில் பரு இருந்தால் இந்தத் தடவை நான் பார்க்கிறேன்.