ஒரு கொக்கிக்காக ஒரு வீடியோ

வணக்கம் மக்களே. உளுந்தங்களி போடுகிறேன் என்று போன வாரம் வாக்குக் கொடுத்திருந்தேன். அது அடுத்த வாரம். இன்றைக்குப் பேசப் போவது கழிப்பறை. முகம் சுளிக்காதீர்கள். தட்டில் சோறு வைத்துக்கொண்டு பார்ப்பவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வாருங்கள், வீடியோ எங்கேயும் ஓடிப் போகாது.

ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போனோம். சாரல் நன்றாக விழுகிறது என்று எல்லாரும் சொல்ல, வீட்டுக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான், அவர், பிள்ளைகள் இரண்டு பேர், அப்புறம் எங்கள் அத்தை. அத்தைக்கு முட்டுவலி என்று பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். குத்தவைத்து உட்கார முடியாது, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. பாப்பாவுக்கோ "வருது" என்று சொன்னால் வந்துவிட்டது என்று அர்த்தம். இந்த இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வெளியே போகிறவளுக்கு ஊரில் எங்கே புரோட்டா நல்லா இருக்கும் என்பதெல்லாம் இரண்டாவது கேள்வி.

அதனால்தான் என் மேப்பில் ஓட்டல் குறித்து வைப்பதில்லை, கழிப்பறைக்குத்தான் ஹார்ட் போட்டுக் குறித்து வைக்கிறேன். தம்பி அதைப் பார்த்துவிட்டு "அம்மா, இது என்ன இவ்வளவு ஹார்ட்டு" என்று கேட்கிறான். மேப்பில் பொதுக் கழிப்பறை என்று தேடினால் 'எஸ்பிஎம்' என்று போட்டுச் சில இடங்கள் வரும். 2014 அக்டோபர் 2-ல் தொடங்கினார்களே, தூய்மை இந்தியா திட்டம் (ஸ்வச் பாரத் மிஷன்), அதன் கணக்கில் உள்ளவை. கட்டடம் இருக்கிறது என்று மேப் சொல்லும். பூட்டு தொங்குகிறதா என்று சொல்லாது.

அப்படித்தான் மாட்டினோம். பாளையங்கோட்டையில் கிளம்பி, பேட்டை தாண்டி, சீதபற்பநல்லூர் வரைக்கும் பாட்டும் கூத்துமாகப் போனது. அதற்கப்புறம் பாப்பா அமைதியாகிவிட்டாள். பாப்பா அமைதியானால் எனக்கு வயிற்றைக் கலக்கும். வழியில் ஓர் ஊர், பெயர் வேண்டாம். ரோட்டோரம் அருமையான கட்டடம். டைல்ஸ் என்ன, சுவரில் மயில் படம் என்ன, ஆண்கள் பெண்கள் என்று கொட்டை எழுத்து என்ன. கதவில் ஒரு பூட்டு, துருப்பிடித்த பூட்டு. பக்கத்து டீக்கடையில் கேட்டேன்.

"அண்ணாச்சி, இதுக்குச் சாவி யாருட்ட இருக்கு?"

"சாவி வச்சிருக்கவன் கல்யாண வீட்டுக்குப் போயிருக்காம்மா."

எந்தக் கல்யாணம் என்று கேட்கவில்லை. பூட்டைப் பார்த்தால் அந்தக் கல்யாணத் தம்பதிக்குப் பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போயிருக்கும்.

இதில் எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், யாருமே புழங்காத அந்தக் கட்டடத்திலிருந்தும் நாற்றம் வந்தது. புழங்கினால் நாறும், சரி. பூட்டிக் கிடந்தால் ஏன் நாற வேண்டும்? எங்கள் சித்தப்பா பிளம்பிங் வேலை பார்ப்பவர், அவரிடம் போன் போட்டுக் கேட்டேன். பீங்கானுக்குக் கீழே குழாய் வளைந்து போகுமாம். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்குமாம். செப்டிக் டேங்கிலிருந்து வரும் காற்றை மறிப்பது அந்தத் தண்ணீர்தான். பல வாரம் யாரும் ஊற்றாமல் விட்டால் அது வற்றிவிடும், அப்புறம் வாசல் திறந்த மாதிரி நாற்றம் நேரே மேலே வந்துவிடும். ஆக, பூட்டி வைத்தால் சுத்தமாக இருக்கும் என்று நினைக்கிற புண்ணியவான் யாரோ, அவருக்கு இது தெரியாது. பினாயிலை ஊற்றினாலும் பினாயில் வாசமும் சேர்ந்து வரும், அவ்வளவுதான். பினாயில் வாசம் என்றாலே எனக்கு ஆகாது, உங்களுக்குத் தெரியும்.

பாப்பா கதை என்ன ஆயிற்று? ஆலங்குளம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு பெட்ரோல் பங்க். இடது கைப் பக்கம். வண்டி முழுதாக நிற்கும் முன்னே பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கதவைத் திறந்தேன். தரை காய்ந்திருக்கிறது. வாளி நிறையத் தண்ணீர். கப்பு வாளிக்குள் மிதக்காமல் வெளியே கவிழ்ந்து கிடக்கிறது. தாழ்ப்பாள் ஒரே தள்ளில் விழுகிறது. அப்புறம் கதவுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன், கொக்கி!

கொக்கி மக்களே. பையை மாட்டுகிற கொக்கி.

ஆண்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். தோளில் ஹேண்ட்பேக், கையில் பிள்ளை, பிள்ளைக்கு மாற்றுத் துணி வைத்த கட்டைப்பை, இடுப்பில் போன், இதோடு சேலையையும் தூக்கிப் பிடிக்க வேண்டும். எத்தனை கை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். கொக்கி இல்லாவிட்டால் பை கழுத்துக்குப் போகும், முந்தானை வாய்க்குப் போகும். தரையில் வைக்கலாமே என்று ஒருத்தர் முன்னே ஒரு வீடியோவில் எழுதியிருந்தார். அந்தத் தரையில் நீங்கள் வையுங்கள் ஐயா.

நான் வெளியே வந்து அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன். பக்கத்தில் இன்னொரு கதவு, அது வெஸ்டர்ன். உள்ளே போன அத்தை கதவைச் சாத்தும் முன்னே சத்தம் போட்டார்கள்: "ஏட்டி, இங்கனயும் கொக்கி இருக்குட்டி!" பங்கில் காற்றுப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சொல்ல மறந்துவிட்டேன், பாப்பாவோடு நான் போன அறையில் இரண்டு கொக்கி. ஒன்று உயரத்தில், ஒன்று தாழ்வாக. தாழ்வாக இருந்ததில் பாப்பா அவளுடைய குட்டிப் பையை அவளே மாட்டினாள். இதை யோசித்துச் செய்தவர் வீட்டில் நிச்சயம் ஒரு பெண்பிள்ளை இருக்கிறது.

இந்தக் கொக்கி என்ன விலை என்று மண்டையைக் குடைந்தது. நேற்று எங்கள் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில் போய்க் கேட்டே வந்தேன். 35 ரூபாய், இரண்டு ஸ்க்ரூவோடு. ஸ்டீல் வேண்டுமென்றால் 60. ஒரு கட்டடத்துக்கு மயில் வரைய என்ன செலவாகும், நீங்களே கணக்குப் போடுங்கள். மயில் எனக்கு என்னத்துக்கு? 35 ரூபாய்க் கொக்கி ஒன்று போடுங்கள் போதும்.

பெட்ரோல் பங்க் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காற்று, குடிதண்ணீர், கழிப்பறை, இந்த மூன்றையும் பங்கில் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களே பங்குகளுக்கு வைத்திருக்கிற விதி. புகார்ப் புத்தகமும் வைத்திருக்க வேண்டும். "சாவி இல்லை", "அது ஸ்டாஃபுக்கு" என்று சொன்னால் புகார்ப் புத்தகத்தைக் கேளுங்கள், சாவி தானாக வரும். எங்கள் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் சொன்னாலும் கூச்சம் போகாது. கிளம்பும்போதே டேங்க் நிரப்பியாச்சு, இருந்தாலும் பங்கில் சும்மா வந்து போக அவருக்கு மனசு வரவில்லை. 200 ரூபாய்க்கு டீசல் போட்டார். வழிய வழிய.

அவருடைய கழிப்பறைக் கதை ஒன்று இருக்கிறது, சொல்லாமல் விட முடியாது. 2025 அக்டோபரில் நெடுஞ்சாலை ஆணையம் ஒரு அறிவிப்பு விட்டது. டோலில் கழிப்பறை அசுத்தமாக இருந்தால், ராஜ்மார்க்யாத்ரா செயலியில் போட்டோ எடுத்து அனுப்பினால், ஃபாஸ்டாக்கில் 1000 ரூபாய் ஏறும். ஒரு வண்டிக்கு ஒரு தடவைதான், அந்த மாதம் 31-ம் தேதி வரைக்கும்தான். அவர்கள் கட்டிய கழிப்பறைக்கு மட்டும்தான். பங்க், ஓட்டல் கணக்கில் வராது. அந்த நேரம் பார்த்து மதுரையில் ஒரு கல்யாணம் வந்தது. டோலுக்கு டோல் வண்டியை ஓரங்கட்டி, போனை நீட்டிக்கொண்டு உள்ளே போவார், தொங்கிய முகத்தோடு வெளியே வருவார். "சவம், சுத்தமா வச்சிருக்கானுவ." கடைசியில் என்னிடம் "பொம்பளைங்க பக்கம் எப்படி இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டார். சுத்தமாக இருக்கிறது என்று சொன்னேன். மனிதர் மதுரை வரும்வரை பேசவில்லை. கழிப்பறை நன்றாக இருக்கிறதே என்று வருத்தப்பட்ட ஒரே மனிதரைக் கட்டிக்கொண்டவள் நான்தான்.

சரி, விலைக்கு வருகிறேன். இது குற்றாலம் போன அன்றைக்கு நடந்தது இல்லை, அதற்கு முன்னால். ஒரு பஸ் ஸ்டாண்டு, எந்த ஊர் என்று கேட்காதீர்கள். கட்டணக் கழிப்பிடம். போர்டில் சிறுநீர் கழிக்க இலவசம், மலம் கழிக்க 5 ரூபாய் என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது. நான் பத்து ரூபாய் நீட்டினேன், வாங்கி டப்பாவில் போட்டுவிட்டு மீதி தரவில்லை. நான் போனதே ஒன்றுக்குத்தான், போர்டுப்படி காசே கிடையாது. போகட்டும், மீதி ஐந்தைக் கொடுங்கள் என்றேன்.

"பொம்பளைக்கு எல்லாம் ஒண்ணுதாம்மா. பத்து ரூவா."

"போர்டுல அப்படி இல்லையே அண்ணாச்சி."

"உள்ள போனா பத்து."

"உள்ள போய் நான் என்ன செய்தேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். ஒரு ஆச்சி, "நல்லா கேளும்மா" என்று முந்தானையில் முடிந்து வைத்திருந்த சில்லறையை அவிழ்க்காமலே உள்ளே போய்விட்டார்கள். எனக்கு ஐந்து ரூபாய் வந்தது. பஸ்ஸை விட்டுவிட்டேன், அது வேறு விஷயம். ஐந்து ரூபாய்க்காகவா என்று வீட்டில் கேட்டார்கள். ஆமாம், ஐந்து ரூபாய்க்காகத்தான். ஆண்களுக்குச் சுவரோரம் இலவசம், பெண்களுக்கு மட்டும் எதற்குக் காசு? மும்பையில் இதே கேள்வியை வைத்து 2011-ல் பெண்கள் ஒரு இயக்கமே நடத்தினார்கள். சிறுநீர் கழிக்கும் உரிமை என்றே அதற்குப் பெயர். நான் தனியாள், என்னால் முடிந்தது ஐந்து ரூபாய்.

காசு கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு ஆள் உட்கார்ந்து, ஒவ்வொருத்தர் வந்து போனதும் தண்ணீர் அடித்துத் தள்ளுகிற இடம் என்றால் பத்து இல்லை, இருபது கொடுப்பேன். ஆலங்குளம் பங்கிலும் அதுதான் சூட்சுமம். துடைப்பமும் கையுமாக ஒரு அக்கா இருந்தார்கள். "யக்கா, எவ்வளவு நேரத்துக்கு ஒருக்கா கழுவுதீங்க?" என்று கேட்டேன். "பஸ்ஸு ஒண்ணு வந்து போச்சுன்னா கழுவுவேன்மா" என்றார்கள். சாரல் நேரத்து ஞாயிற்றுக்கிழமை எத்தனை பஸ், எத்தனை வேன். அவர்கள் கையில் உறை இல்லை. அடுத்த தடவை போகும்போது ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போகலாம் என்று இருக்கிறேன். அதைப் பங்க் முதலாளி அல்லவா வாங்கித் தர வேண்டும்?

பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன். வெளியே போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறீர்களே, வேண்டாம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான் ரத வீதியில் நிற்கிறார்கள், உதடு காய்ந்துபோய். நானும் அப்படி இருந்துதான் சிறுநீர்த் தொற்று வந்து படுத்தேன். டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார்கள். பெண்களுக்கு சிறுநீர் வெளியே வருகிற குழாயின் நீளமே சுமார் 4 சென்டிமீட்டர்தானாம், ஆண்களுக்கு அதைப்போல நான்கைந்து மடங்கு. கிருமிக்கு நம்மிடம் ஏறுவதற்குத் தூரம் குறைவு. தண்ணீர் குடித்து அடிக்கடி போனால் கிருமி வெளியே அடித்துக்கொண்டு போய்விடும், அடக்கி வைத்தால் உள்ளேயே பெருகும். இன்னொன்று, வெஸ்டர்னில் உட்காரக் கூச்சப்பட்டு, பாதி நின்று பாதி குனிந்து போகிறோமே, அப்படிப் போனால் சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாதாம். எனக்கு வெளியிடத்தில் இந்தியன்தான் பிடிக்கும், எதையும் தொட வேண்டாம். அத்தைக்கு அது ஆகாது.

டவுனுக்குள் என்றால் என் வழி உங்களுக்கே தெரியும், ஜவுளிக்கடை. வண்ணாரப்பேட்டையில் பெரிய கடை ஏதாவது ஒன்றில் நேரே பட்டுச் சேலை மாடிக்குப் போக வேண்டும். ஒரு சேலையை எடுத்து விலைச் சீட்டைப் பார்த்து, "இந்தக் கரை கொஞ்சம் சின்னதா இருக்கே" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, "அக்கா, ரெஸ்ட் ரூம் எங்க?" ஏசி, கண்ணாடி, கை கழுவ சோப்பு, எல்லாம் உண்டு. தீபாவளிக்கு அதே கடையில்தான் எடுக்கிறோம், அதனால் மனச்சாட்சி உறுத்தவில்லை.

குற்றாலம் எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். ஐந்தருவியில் குளித்தோம், கூட்டம், ரம்புட்டான் வாங்கினோம். அவ்வளவுதான்.

இப்போது எனக்கு உங்களிடம் ஒரு காரியம் ஆக வேண்டும். அத்தை திருச்செந்தூர் போக வேண்டும் என்கிறார்கள். சமீபத்தில் வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். கோயில் பக்கம் வெஸ்டர்ன் எந்த இடத்தில் இருக்கிறது, பிடித்து எழுந்திருக்கச் சுவரில் கம்பி இருக்கிறதா, வாசலில் எத்தனை படி. "நல்லா இருக்கும்" என்று மட்டும் எழுதாதீர்கள், படியை எண்ணி எழுதுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் அத்தைக்குப் பதில் வேண்டுமாம்.