வீடியோ யாருக்குச் சொந்தம்?

நேயர்களுக்கு வணக்கம்.

காசிமேடு, ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி என்று வடசென்னை முழுக்க இன்று செல்போனையும் ஒரு காலர் மைக்கையும் வைத்து வீடியோ எடுத்துப் பிழைக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். சமையல், கானா, கேரம், குத்துச்சண்டை, மீன் ஏலம் என்று ஆளுக்கொரு சேனல். நானும் அதே வேலையில் இருக்கிறவள்தான். வியூஸ் கொஞ்சம் ஏறியதும், எங்கள் பொருளுக்கு விளம்பர வீடியோ எடுத்துக் கொடு என்று ஏதாவது ஒரு கம்பெனியிலிருந்து அக்ரிமென்ட் வரும். எல்லோர் கண்ணும் முதலில் போவது தொகைக்கு. அதைக் கடைசியில் பாருங்கள் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். எடுத்துக் கொடுக்கிற வீடியோ யாருக்குச் சொந்தம், எவ்வளவு காலத்துக்கு? இதைத்தான் முதலில் தேட வேண்டும்.

வியாசர்பாடித் தம்பி ஒருவன், கேரம் சொல்லிக்கொடுத்து வீடியோ போடுகிறவன், தனக்கு வந்த அக்ரிமென்ட்டைப் போனில் காட்டினான். மாதம் 4 ரீல்ஸ், ஒன்றுக்கு 6,000 ரூபாய். "மாசம் 24,000 வருதுக்கா" என்றான், முகமெல்லாம் சிரிப்பு. ஐந்தாம் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு வரி: வீடியோவும் அதிலுள்ள முகமும் குரலும் உலகம் முழுக்க, எல்லா ஊடகங்களிலும், காலவரையின்றி கம்பெனிக்கே. அந்த 6,000 ரூபாய் ரீலை நாளைக்கு டிவி விளம்பரமாக ஓட்டலாம், மின்ட் தெருப் பக்கம் அவன் முகத்தைப் பேனராக வைக்கலாம். பத்து வருஷம் கழித்தும் செய்யலாம், அவனுக்குப் பைசா வராது. வாடகைக்கு விடுவதாக நினைத்துக் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற கதை.

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் எடுத்துக்கொள்கிறது. 'காலவரையின்றி, உலகம் முழுக்க' என்று எழுதிவிட்டால் அந்தப் பாதுகாப்பு போச்சு. இன்னொன்று, நம்மில் பலருக்குத் தெரியாதது: காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன வீடியோவுக்கு, வேறுவிதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான் முதல் உரிமையாளர். அதனால், என் சேனலில்தானே போடுகிறேன் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். உரிமை என்னுடையது, இன்ன இடத்தில் இத்தனை மாதம் பயன்படுத்த மட்டும் உங்களுக்கு அனுமதி என்று எழுதி வாங்குங்கள். போனில் பேசியது கணக்கில் வராது.

ஒப்பந்தம் நடக்கும்வரை போட்டிக் கம்பெனிக்குச் செய்யாதே என்பது நியாயம். முடிந்த பிறகும் ஒரு வருஷம் செய்யாதே என்றால், 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி பொதுவாக அது செல்லாது. செல்லாதுதானே என்று விட்டுவிடாமல் அந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். அதைக் காட்டி மிரட்டினால் வக்கீலுக்கு அலைய வேண்டியது நாம்தான்.

பணம் 90 நாளில் என்று போட்டிருந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குறு, சிறு தொழில் செய்கிறவர்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், ஆன்லைனிலேயே செய்யலாம். பதிவு செய்த குறு, சிறு தொழில்களுக்கு, வேலையை ஏற்றுக்கொண்டதிலிருந்து 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம், தாமதித்தால் வட்டியோடு. அட்வான்ஸ் கேட்கவும் கூச்சப்படாதீர்கள். காசு வாங்கி எடுக்கிற வீடியோவில் 'விளம்பரம்' என்று போடாதே என்று சொல்கிற கம்பெனியாக இருந்தால் பேச்சையே நிறுத்திவிடலாம். தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் நடித்தவருக்கும் 10 லட்சம் வரை அபராதம் விதிக்க நுகர்வோர் சட்டத்தில் இடம் இருக்கிறது.

வியாசர்பாடித் தம்பி, 'காலவரையின்றி' என்ற அந்த வரியை மாற்றச் சொல்லி மெயில் போட்டான். கொஞ்ச நாள் பதிலே இல்லை, வீட்டில் திட்டு வேறு. பிறகு ஓராண்டு, சமூக ஊடகத்தில் மட்டும் என்று திருத்தி அனுப்பினார்கள், ரீலுக்கு 5,000 என்று குறைத்து. "என்னக்கா பண்றது?" என்றான். டிவிக்கும் பேனருக்கும் தனி ரேட் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடு என்றேன்.

வணக்கம்.